நெய்யூர் உபதேசியார் மரபு

19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் சபைகளை ஊரூராக நடத்தியவர்கள் உள்ளூர் உபதேசியார்களே. அவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்றுவித்து, சம்பளமும் துணையும் தந்து தாங்கிய முறை இங்கே நெய்யூர் உபதேசியார் மரபு எனப்படுகிறது. நெய்யூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியல், திங்கள்சந்தை ஆகியவற்றுக்கு அருகில் உள்ளது. மிஷனரி சார்லஸ் மீட் 1828இல் நாகர்கோவிலிலிருந்து இங்கு வந்து மிஷனின் மேற்குப் பகுதியை நிறுவினார்.

தோற்றம்

மரபின் வேர் நெய்யூரில் இல்லை, மயிலாடியில் இருக்கிறது. அவ்வூர்ச் சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன் தஞ்சாவூர் சென்று ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைத்ததன் பேரில் ஜெர்மானிய மிஷனரியான ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே நோயுற்று ஊரை விட்டுப் போனபோது பொறுப்பை ஒப்படைத்துச் சென்றது வேதமாணிக்கத்திடம்தான். 1818இல் மீட் பணியேற்கும் வரை தென் திருவிதாங்கூர்ச் சபைகளைக் கட்டிக் காத்தவர் அவரே. மிஷன் வரலாறுகள் பலவும் அவரை ரிங்கல்தௌபேயின் உதவியாளர் என்று சொல்லி நகர்கின்றன. தொடங்கியவரும் அவர், இடைவெளியில் தாங்கியவரும் அவர் என்பதால், முதல் தலைவர் என்பதே அவருக்குப் பொருந்தும். அவர் 1827இல் காலமானார்.

படிநிலைகள்

ஊழியர்களைப் பல படிகளாகப் பிரிக்கலாம். கீழ்ப்படியில் இருந்தவர் வாசகர். எழுத்தறியாத சபைக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவர் வேலை. அடுத்தவர் உபதேசியார். ஞாயிறு ஆராதனை, வீடு சந்திப்பு, சாவு, கலியாணம், வழக்கு எல்லாம் அவர் தலையில் விழும். குறித்த நாளில் மிஷனரி பங்களாவுக்கு நடந்து வந்து, செய்த வேலையைச் சொல்லி, அடுத்த பிரசங்கத்துக்கான பாடத்தைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்புவார். அவரை உருவாக்கியதில் நாகர்கோவில் செமினரியைவிட இந்தச் சந்திப்புகளுக்கே பங்கு அதிகம். அதற்கு மேற்படியில் இருந்த உள்ளூர்ப் போதகர்களுக்குக் குருப்பட்ட அபிஷேகம் 1860களில்தான் கிடைத்தது. அரை நூற்றாண்டு உழைத்தவர்களுக்கு அது தாமதமான நீதி. வேதாகமப் பெண்கள் தனிப் பிரிவினர். வெளி ஆண்கள் நுழைய முடியாத உள்வீடுகளுக்கு எழுத்தையும் ஜெபத்தையும் கொண்டு போனவர்கள் இவர்கள். சபைப் பெண்கள் பின்னிய லேஸ் விற்ற காசு இவர்களின் ஊழியத்துக்கு உதவியது. ஐந்தாவது பிரிவு, நெய்யூர் மருத்துவமனையில் ஜான் லோ 1860களில் பயிற்றுவித்த மருத்துவ ஊழியர்கள்.

நீதிப் போராட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஊழியம் என்ற கூலியில்லாக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போகப்பட்டவருக்காகவும் தலைவரிக்குத் தவித்தவருக்காகவும் அதிகாரியிடம் பேச எழுத்தறிந்த ஆள் தேவைப்பட்டார். பல ஊர்களில் அந்த ஆள் உபதேசியார்தான். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822, 1827-29, 1858-59 என மூன்று கட்டமாக நடந்தது. சந்தையில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. அடிக்கு அடி என்று இறங்காமல் சபைத் தலைமை மனு எழுதியது. திவானுக்கும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கும் போன முறையீடு சென்னை ஆளுநர் டிரவெல்யன் வரை எட்டியது. 1859 ஜூலை 26இல் அரசாணை வந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம், மீனவப் பெண்களான முக்குவத்திகளைப்போல முரட்டுத்துணியால் மார்பை மூடலாம். மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது. பாதி வெற்றிதான். அந்தப் பாதியும் சட்டையோடு சந்தைக்குப் போகத் துணிந்த பெண்கள் பெற்றுத் தந்தது. மிஷனரிகள் 1847இல் விண்ணப்பித்த அடிமை ஒழிப்பு 1855இல் நிறைவேறியது.

சபைக்குள் சாதி ஒழியவில்லை. மீட் 1850களின் தொடக்கத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பெண்ணை மணந்தார். சக மிஷனரிகள் அதைப் பொறுக்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலகி, திருவிதாங்கூர் அரசின் பள்ளிப் பணியில் சேர்ந்தார். சமத்துவம் போதித்த மிஷன் இந்த இடத்தில் தவறிவிட்டது.

அய்யாவழி

இதே மண்ணில் இதே காலத்தில் அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் (1809-1851) வேறொரு பயிற்சியைத் தொடங்கினார். அவரைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு சிறையில் அடைத்தது. விடுதலைக்குப் பின் அவர் வாகைப்பதியில் துவையல் தவம் நடத்தினார். எழுநூறு குடும்பங்கள் கடல்நீரில் உடை துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி ஒரே பந்தியில் உண்டன என்பது அய்யாவழி மரபு. தலைப்பாகை கட்டித் தொழுவதையும், பொறுமையையும் தர்மத்தையும் அங்கிருந்து ஊர்களுக்கு எடுத்துச் சென்றவர்கள் அவருடைய சீடர்கள். மிஷன் அறிக்கைகள் அவரைத் தடையாகவே கண்டன. ஆனால் இரு இயக்கங்களும் ஒரே மக்களின் முதுகை நிமிர்த்தின.

பிற்காலம்

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியானது. 1982 மார்ச்சில் நெய்யூருக்கு அருகிலுள்ள மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவ மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பையும் சந்தித்துப் பேசினார். அதன் விளைவாகப் பல சமயத் தலைவர்களை இணைக்கும் திருவருட் பேரவை உருவானது. இப்பகுதியிலிருந்து இறையியல் கற்கச் செல்வோர் சேரும் கல்லூரிகளில் 1969இல் தொடங்கிய மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் ஒன்று.