பழைய லாரிகளில் கிளட்ச் நழுவலும் உதறலும்: ஜி.எஸ்.டி. சாலை வழியே ஒரு வரலாறு

லாரி எஞ்சினின் சுழற்சியை வேண்டும்போது கியர்பெட்டியுடன் இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பு கிளட்ச். உரசிணைப்பி, விடுபற்றி போன்ற கலைச்சொற்கள் தமிழில் உண்டு. எனினும் பட்டறையிலும் ஓட்டுநரிடமும் வழங்குவது கிளட்ச் என்ற சொல்லே. பழைய லாரிகளில் இதற்கு இரண்டு நோய்கள் வரும். எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி வேகமெடுக்காமல் இருப்பது நழுவல். வண்டியை நகர்த்தும்போது சேஸிஸ் முழுவதும் நடுங்குவது உதறல். இரண்டுக்கும் வழக்கமான மருந்து கிளட்ச் பிளேட்டை மாற்றுவது. ஆனால் பிளேட் கெட்டதற்கான காரணத்தைக் காணாமல் மாற்றினால் புதிய பிளேட்டும் விரைவிலேயே கெடும். இந்தக் காரணம் தேடும் கலை, லாரிகள் மாற மாறத் தானும் மாறி வந்திருக்கிறது.

தோற்றம்

1903-ல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியது. நீராவிப் பொறி நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரக்கூடியது என்பதால் அத்தகைய வண்டிகளுக்குக் கிளட்ச் இன்றியமையாததாக இல்லை. பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் அப்படியல்ல. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் அவை நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் சிறிது நேரம் உரசவிட்டுப் பின் ஒன்றாக்க ஓர் உறுப்பு தேவைப்பட்டது.

தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. தோல் உலர்ந்து இறுகினால் வண்டி வெடுக்கென்று பாயும். அப்போது தோலில் எண்ணெய் தடவி மென்மையாக்குவர். எண்ணெய் மிகுந்தால் நழுவும். அதை உறிஞ்ச முல்தானி மெட்டி போன்ற மண்பொடியைத் தூவுவர். உதறலும் நழுவலும் ஒரே உரசும் பரப்பின் இரு வேறு கோளாறுகள் என்பது அன்றே தெரிந்திருந்தது. பின்னர் ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச் பரவியது. எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும், ஸ்பிரிங்குகள் தள்ளும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், இருபுறமும் லைனிங் பதித்த ஒரு தட்டு நெருக்கிப் பிடிக்கப்படும். இன்றைய லாரிகளிலும் அடிப்படை அமைப்பு இதுவே.

சென்னையில் டீசல் லாரிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியச் சாலைகளில் இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏராளமாக ஓடின. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1951-ல் கோமெட் லாரிகள் அங்கே பூட்டப்பட்டன. 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் மெர்சிடீஸ்-பென்ஸ் கூட்டுறவுடன் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பட்டறைகளின் கைப்பழக்கம் பெரும்பாலும் இந்த இரு குடும்ப வண்டிகளில் உருவானது.

டீசல் எஞ்சினின் இழுவிசை சீராக வருவதில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் துடிப்பாக வருகிறது. அத்துடிப்பு கியர்பெட்டியைத் தாக்காதிருக்கக் கிளட்ச் பிளேட்டின் நடுவில் சிறிய சுருள் ஸ்பிரிங்குகள் வைக்கப்பட்டன. அவை தளர்ந்தாலோ உடைந்தாலோ ஓசையும் நடுக்கமும் எழும்.

கற்ற இடங்கள்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை, அதாவது ஜி.எஸ்.டி. சாலை, மோட்டார் வரலாற்றின் பல நிலையங்களைத் தொட்டுச் செல்கிறது. குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் தொடக்கத்திலேயே தானியங்கிப் பொறியியலைப் பாடமாக்கியது. தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 1990-களின் இறுதியில் இயங்கத் தொடங்கி 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. பொத்தேரிக்கும் மறைமலை நகருக்கும் இடையில் இச்சாலையிலேயே அமைந்த காட்டாங்குளத்தூரில் 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது.

கல்லூரியில் கிளட்ச் ஒரு சூத்திரமாகக் கற்பிக்கப்பட்டது. பிளேட் தாங்கும் திருப்புவிசை, அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, உரசும் பரப்பின் சராசரி ஆரம் ஆகியவற்றின் பெருக்கல். பிளேட்டுக்கு இரு முகம் என்பதால் அதன் இருமடங்கு. பட்டறையில் அதே பாடம் காலாலும் காதாலும் மூக்காலும் கற்கப்பட்டது. நழுவும் வண்டியில் இந்தப் பெருக்கலின் ஏதோ ஓர் எண் குறைந்திருக்கிறது என்பதே இரு பள்ளிகளுக்கும் பொதுவான உண்மை. ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் குறையும். எண்ணெய் பட்டால் உராய்வு குறையும்.

நழுவலை அறிதல்

ஓட்டுநரிடம் விசாரிப்பது முதல் படி. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் நழுவுகிறதா, வெறும் வண்டியிலும் நழுவுகிறதா, சூடேறிய பின்தான் தொடங்குகிறதா என்பதைக் கேட்க வேண்டும். மெல்ல ஓடும் வண்டியை மேல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால், நல்ல கிளட்ச் எஞ்சினைத் திணறச் செய்யும். எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி பின்தங்கினால் அது நழுவல். கூடவே கருகிய நெடி வரும். இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பெடலின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று அசைவு. பட்டறையில் இதைப் 'பிளே' என்பர். சுருள் ஸ்பிரிங் கொண்ட பழைய கிளட்சில் லைனிங் தேயத் தேயப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நெருங்கி வரும். பிளே முற்றிலும் தீர்ந்தால், ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே ஓடும். கம்பி இணைப்பைச் சரிசெய்தால் போதும் என்ற கட்டத்தில் இதைக் கண்டுகொண்டால் கியர்பெட்டியை இறக்க வேண்டியதில்லை. ஹைட்ராலிக் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைபட்டாலும் இதே நிலை வரும்.

பின்னாளில் பரவிய தட்டை வடிவ டயபிரம் ஸ்பிரிங் இந்தக் கணக்கை மாற்றியது. சுருள் ஸ்பிரிங்கில் தேய்மானத்தோடு அழுத்தமும் படிப்படியாகக் குறையும். நழுவல் முன்னறிவிப்போடு வரும். டயபிரமில் தேய்மானத்தின் பெரும்பகுதி வரை அழுத்தம் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே கோமெட் காலத்து மெக்கானிக் நம்பிய மெதுவான எச்சரிக்கை புதிய வண்டியில் கிடைப்பதில்லை.

உதறலை அறிதல்

உதறல் குழப்பமானது, கிளட்சுக்கு வெளியிலிருந்தும் வரும். எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்பதே அதைப் பிரித்தறியும் வழி. வண்டி நகரத் தொடங்கும்போது எழுந்து, பெடலை முழுதும் விட்டதும் நின்றால் குறி கிளட்ச் பக்கம். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் சென்டர் பேரிங்கையும் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று அடித்தால் ஜாயிண்ட் கிராஸ் அல்லது டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளி.

கிளட்ச் பக்கமே என்று தெரிந்தாலும் முதலில் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களையும், பின் அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளையும் சோதிக்க வேண்டும். தளர்ந்த எஞ்சின் தன் இருக்கையிலேயே ஆடி, நல்ல கிளட்சையும் உதற வைக்கும். உள்ளே காரணம் இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு, சமமற்ற விரல் உயரம், வளைந்த பிளேட், வெப்பத்தால் நீலம் பூத்து வெடித்த பிளைவீல் ஆகியவற்றில் ஒன்று. பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும் எண்ணெயும் தடயமாகும். கறுத்த எண்ணெய் எஞ்சினின் பின் சீலிலிருந்து வருவது. கந்தக நெடி வீசும் கெட்டியான எண்ணெய் கியர்பெட்டியிலிருந்து வருவது. சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

சாலையும் தேய்மானமும்

கிளட்சைத் தேய்ப்பது தூரத்தைவிட அதிகமாகப் புறப்படுதலே. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிக் கல்குவாரிகளின் பள்ளத்திலிருந்து முழு பாரத்தோடு ஏறிய லாரிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. 2000-களில் தாம்பரம்–திண்டிவனம் சாலை நான்குவழியானபோது நெடுந்தூர ஓட்டம் எளிதாயிற்று. ஆனால் பரனூர் சுங்கச்சாவடி வரிசையும் கூடுவாஞ்சேரி, வண்டலூர் நெரிசலும் 'ஹாஃப் கிளட்ச்' பழக்கத்தைப் பெருக்கின. நெடுந்தூரத்துக்கு ஆகாத பழைய லாரிகள் பலவும் தென்புறநகர்களில் தண்ணீர் லாரிகளாயின. 2019 கோடையின் கடும் வறட்சியில் பல தெருக்கள் அத்தகைய வண்டிகளையே நம்பியிருந்தன. குறுகிய தெருவில் முன்னும் பின்னும் நகரும் தண்ணீர் லாரிக்குக் கிளட்ச் நழுவினால், உரிமையாளருக்கு ஓட்ட நாட்கள் போகும்; தெருவுக்குத் தண்ணீர் போகும்.

கல்நார்த் தூசி

பழைய லைனிங்குகளில் வெப்பம் தாங்குவதற்காகக் கல்நார் சேர்க்கப்பட்டது. கிளட்ச் ஹவுசிங்கைத் திறந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊதித் தள்ளுவது பல பட்டறைகளின் வழக்கம். நுண்ணிய கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் நோயாக வெளிப்படும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் வைத்துள்ளது. 1995-ல் இந்திய உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இன்று கல்நார் இல்லாத லைனிங்குகள் பரவியுள்ளன. எனினும் பழைய வண்டியில் எந்த லைனிங் இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. ஆகவே தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

நோயறிதலின் பயன் இங்கு இரட்டிப்பாகிறது. பிளே, மவுண்டிங், சீல் ஆகியவற்றை வெளியிலிருந்தே சோதித்துக் காரணத்தைக் கண்டுவிட்டால், கியர்பெட்டி தேவையின்றி இறங்காது. இறங்காத ஒவ்வொரு முறையும் உரிமையாளருக்குப் பணம் மிஞ்சும். மெக்கானிக்கின் மூச்சில் அந்தத் தூசி சேராது.