பாட்டுக்கு முன்பணம், பாடியவனுக்குக் கடன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பாடுகிற பிள்ளை இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

நம்ம பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இப்போது பாடுகிற பிள்ளைகள் நிறைய. கோயில் திருவிழாவில் பாடியதை யாராவது போனில் பிடித்துப் போட்டு, அது நாலு பேர் பார்த்துவிட்டால் சென்னையிலிருந்து அழைப்பு வருகிறது. என்னிடம் படித்த ஒருவர், தன் மகனுக்கு வந்த ஒப்பந்தத்தை அனுப்பி, "ஐயா, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பதினெட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம். முன்பணம் எவ்வளவு என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. அது எப்படிக் கழியும் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது. அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் பழைய காலத்திலிருந்துதான் வர முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் ஆஸ்தான வித்துவானாக இருந்தார். அவரிடம் இசை படித்தவர் உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர். அவர் அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகத் தங்கி, இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தியதை உ.வே.சா. 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் கலைஞனுக்குப் பிழைப்பு ஜமீன்தார் மனசிலும் ஊரார் மனசிலும் இருந்தது. கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கணக்குக் கேட்க வழியில்லை. ஆனால் ஒன்று, பாட்டு அவர்களுடையதாகவே இருந்தது. அடுத்த ஊருக்குப் போய் அதையே பாடலாம்.

1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே சொல்வது இன்றைக்கும் அந்தத் தட்டுகளில் கேட்கிறது. குரல் பாடியவரை விட்டுப் பிரிந்து ஒரு சரக்காக ஆனது. நாடெங்கும் தட்டு விற்ற அந்தக் கௌஹர் ஜான், மைசூர் அரண்மனைச் சம்பளத்தில் இருந்தபடி 1930-ல் காலமானார். செல்வம் கரைந்ததற்கு வழக்குகள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தட்டு யுகத்தின் முதல் நட்சத்திரம் கடைசியில் பழையபடி அரண்மனை வாசலுக்கே போக வேண்டி வந்ததைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டிலும் தட்டு வியாபாரம் சீக்கிரமே சூடு பிடித்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-ல் பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடினார். ஏ.வி. மெய்யப்பன் 1932-ல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். பிறகு சினிமா வந்தது. பாடியவருக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக் கூலிதான், அத்தோடு கணக்கு முடிந்தது. காசு கொடுத்துப் பாட்டெழுதவும் இசையமைக்கவும் வைத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை படத் தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாட்டுக்கு உயிர் கொடுக்கிற பாடகருக்கு நம் சட்டத்தில் இடமே இல்லையே, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1994-ல்தான் பாடுபவருக்கு என்று ஓர் உரிமை சட்டத்தில் ஏறியது. 2012 திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையை எளிதில் எழுதி வாங்க முடியாதபடி செய்தது. பாடகருக்கும் ராயல்டியில் பங்கு சொன்னது.

சட்டம் வந்த பிறகும் கடன் எப்படி வருகிறது? இங்கேதான் அந்தப் பதினோராம் பக்கம். ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை.

கம்பெனி பையனுக்குக் கொடுத்த முன்பணம் 2 லட்சம். ஒலிப்பதிவு 3 லட்சம், வீடியோ 8 லட்சம், விளம்பரம் 2 லட்சம். மொத்தம் 15 லட்சம். வருமானத்தில் பையன் பங்கு 15 சதவீதம். பாட்டு ஓடி 30 லட்சம் வருகிறது என்று வையுங்கள். கம்பெனி போட்ட 15 லட்சம் போக 15 லட்சம் லாபம். பையன் பங்கு 4.5 லட்சம். ஆனால் செலவு 15 லட்சத்தையும் பையனின் பங்கிலிருந்து மட்டுமே கழிப்பார்கள். ஆகவே கம்பெனி லாபத்தில் இருக்க, பையன் பேரில் 10.5 லட்சம் பாக்கி. அந்தப் பாட்டு ஒரு கோடி சம்பாதித்த பிறகுதான் அவனுக்கு முதல் ரூபாய் வரும்.

இந்தப் பாக்கிக்காகப் பொதுவாக யாரும் வீட்டை ஜப்தி செய்ய வருவதில்லை. அடுத்த பாட்டின் வருமானத்தில் பிடித்துக்கொள்வார்கள். பாக்கி தீரும் வரை வேறு இடத்தில் பாட முடியாதபடி எழுதியும் வைத்திருப்பார்கள்.

நமக்கு இது புதிதா? செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கு மண்டியில் முன்பணம் வாங்கியவர்களைக் கேளுங்கள். கமிஷன், சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் போக மிச்சம்தான் கையில். ஆனால் மண்டிக் கடன் தீர்ந்தால் நிலம் நம்முடையதுதான். பாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் கடன் தீர்ந்த பிறகும் அந்தப் பதிவு கம்பெனிக்கே சொந்தம். கடனைக் கட்டி முடித்த பிறகும் பத்திரம் திரும்பி வராத அடமானம் இது.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் டி.எல்.சி. என்ற மூன்று பெண்கள் குழுவின் 1994 ஆல்பம் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. அது ஓடிக்கொண்டிருந்த 1995-லேயே அவர்கள் திவால் மனு கொடுத்தார்கள். ஒப்பந்தத்தோடு வேறு கடன்களும் சேர்ந்திருந்தன. உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கிற கொரியப் பாட்டிலும் உண்டு. டி.வி.எக்ஸ்.கியூ. குழுவின் ஐவரில் மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-ல் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில் அந்நாட்டு வணிக ஆணையம் ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிப்போடாத மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

நம் வீட்டுப் பாட்டுக்கு வருவோம். 2021-ல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேட்காத வீடு உண்டா? உழைத்தவனுக்கு நிலம் மிஞ்சாத கதையைச் சொன்ன பாட்டு. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மாஜா நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. பேர் பெற்ற இசையமைப்பாளரே இப்படிப் பேச வேண்டியிருந்தால், நம் குன்னத்துப் பையன் எங்கே போய்க் கேட்பான்?

கம்பெனிக்காரர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் போட்டும் ஓடாத பாட்டுகள்தான் அதிகம், அந்த நட்டம் அவர்களுக்கு. கையெழுத்துக்கு முன்னால் இவற்றை மட்டும் கேளுங்கள்:

1. எந்தெந்தச் செலவு பிள்ளையின் பங்கில் கழியும்? அதற்கு உச்சவரம்பு உண்டா?

2. ஒரு பாட்டின் பாக்கியை அடுத்த பாட்டில் பிடிப்பார்களா?

3. எத்தனை ஆண்டு, எத்தனை பாட்டு? காப்புரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. அதனால்தான் அவர்கள் மறக்காமல் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று எழுதுகிறார்கள்.

4. கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும்? அதை நம் ஆடிட்டர் சரிபார்க்கலாமா?

5. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அதனால் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். எதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பு ஏற்கிறீர்கள் என்று பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அங்கே இலவச ஆலோசனை உண்டு. நம் பிள்ளைகளில் வக்கீலானவர்கள் இதைப் படிக்கிறீர்கள். இப்படி ஒரு காகிதத்தோடு யாராவது வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யார் யார் தயார் என்று கீழே எழுதுங்கள், தேவைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்