பழைய சர்வர் இயங்குதள மேம்படுத்தல்

தயாரிப்பாளரின் ஆதரவுக்காலம் முடிந்த இயங்குதளத்தில் ஓடும் சர்வரை, தரவும் சேவையும் கெடாமல் ஆதரவுள்ள பதிப்புக்குக் கொண்டுசெல்லும் பணி. விண்டோஸ் சர்வர் 2012-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-லும், சென்ட்ஓஎஸ் 7-க்கானது 2024 ஜூன் 30-லும் முடிந்தன. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாக இலவசத் திருத்தங்கள் வருவதில்லை.

தேவை

விண்டோஸின் கோப்புப் பகிர்வு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பி, சர்வர் 2003 பதிப்புகளுக்கு அது அப்போது பொதுவில் கிடைக்கவில்லை. மே 12 அன்று வான்னாகிரை என்ற தீநிரல் அதே ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அதன் பின்னரே அவ்விரு பதிப்புகளுக்கும் அவசரத் திருத்தம் வெளிவந்தது.

சர்வரை வேறு தரவு மையத்துக்கோ மேகத்துக்கோ மாற்றும் வழியும் உண்டு: ஹைதராபாத்தில் தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையம் உள்ளது. அமேசானின் மேகக்கணிமை மண்டலமும் 2022 நவம்பரில் இங்குத் தொடங்கியது. ஆனால் பழைய இயங்குதளத்தை அப்படியே மேகத்துக்கு மாற்றினால் ஓட்டைகளும் உடன் செல்லும். இடமாற்றம் வேறு, மேம்படுத்தல் வேறு.

முறைகள்

இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது ஒரு முறை. இதில் பல இயங்குதளங்களில் படிகளைத் தாண்டக் கூடாது: டெபியன் 8-இலிருந்து 12-க்குச் செல்ல 9, 10, 11 ஆகியவற்றைக் கடக்க வேண்டும். ரெட்ஹேட் 7-இலிருந்து 8-க்கும், அங்கிருந்து 9-க்கும் செல்ல லீப் என்ற கருவி உண்டு. புதிய சர்வரை நிறுவித் தரவை மாற்றுவது மற்றொரு முறை. மிகப் பழையவற்றுக்கு இதுவே பாதுகாப்பானது. பழைய சர்வர் கைபடாமல் இருப்பதால் திரும்பும் வழி அடைபடாது.

வரிசை

முதலில் சர்வரில் ஓடும் சேவைகள், போர்ட்டுகள், குறித்த நேரத்தில் ஓடும் கிரான் பணிகள், சான்றிதழ்கள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். பிறகு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. அடுத்து நகலில் ஒத்திகை. பயன்பாடுகள் பெரும்பாலும் இங்கேதான் முறியும்: பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள் பிஎச்பி 7.0-இல் நீக்கப்பட்டதால், அவற்றை நம்பிய நிரல்களைத் திருத்தியாக வேண்டும்.

மாற்றும் நாளில் புதிய பதிவுகளை நிறுத்தி, இறுதி நகலெடுத்து, சோதித்த பிறகே பயனர்களைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். புதிய சர்வரில் பதிவுகள் சேரத் தொடங்கிவிட்டால் பின்வாங்குவது கடினம். எந்த நேரம்வரை, எந்தக் கோளாறுக்குப் பின்வாங்குவது என்பதை முன்பே எழுதிவைப்பது அவசியம்.

பழைய சர்வரை உடனே அழித்துவிடக் கூடாது. அதைப் பிணையத்திலிருந்து துண்டித்து வைத்து, லாக் பதிவேடுகளைத் தனியே சேமிக்க வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் ஆணை 180 நாள் பதிவேடுகளைப் பேணக் கோருகிறது. புதிய பதிப்பின் ஆதரவு முடியும் தேதியை அன்றே குறித்து, அடுத்த மேம்படுத்தலுக்கு நிதி ஒதுக்குவதோடுதான் பணி நிறைவுறும்.