ஊறுகாய் 29, சாம்பார் பொடி 30!

ரொம்ப நாளாக எழுதவில்லை. செமஸ்டர் தேர்வுதான் காரணம் :-) இந்த முறை கொஞ்சம் வரலாறு. காரணம் எங்கள் சித்தி.

சித்தி வீட்டிலேயே சாம்பார் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் செய்து பாக்கெட் போட்டு விற்கிறார். பெயருக்கு டிரேட்மார்க் வாங்கலாம் என்று ஒரு ஏஜெண்டைப் பார்த்தோம். "எந்தப் பொருளுக்கு?" என்றார். சித்தி சளைக்காமல், "எல்லாத்துக்கும் போட்டுடுங்க. நாளைக்கு எண்ணெய், பிஸ்கட் கூட செய்வேன்" என்றார். பி.காம். படிக்கிற பையன் என்று என்னிடம் விண்ணப்பத்தை நீட்டினார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஒரே சமையலறையில் செய்தாலும் ஊறுகாய் 29-ஆம் வகுப்பு, சாம்பார் பொடி 30-ஆம் வகுப்பு! கட்டணமும் வகுப்புக்கு வகுப்பு தனி.

இந்த எண்களை யார் கொடுத்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் டிரேட்மார்க் பதிவுச் சட்டம் வந்தது 1875-ல். 1876 ஜனவரி 1 அன்று பதிவேடு திறந்தபோது முதல் எண்ணைப் பெற்றது பாஸ் பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். அப்போது சரக்குகளை 50 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முத்திரை மட்டும் போதாது, எந்தச் சரக்குக்கு என்றும் சொல்ல வேண்டும் என்ற விதி அன்றே இருந்தது.

ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பிரித்தால் ஏற்றுமதி செய்பவர் பாடு திண்டாட்டம்தானே? அதனால் 1957 ஜூன் 15 அன்று பிரான்சின் நீஸ் நகரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ('நைஸ்' என்று படித்துவிடாதீர்கள், நானும் அப்படித்தான் படித்தேன்.) 2002 முதல் பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11, ஆக 45 வகுப்புகள். இந்தியா இதில் உறுப்பினரானது 2019-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நம் பதிவேடு இதே முறையைப் பின்பற்றி வந்தது. ஆனால் நம் 1958 சட்டத்தில் சேவைகளுக்குப் பதிவு கிடையாது. 1999 சட்டம் 2003 செப்டம்பர் 15-ல் அமலான பிறகே ஓட்டலும் கூரியரும் தங்கள் சேவைக்குப் பதிவு பெற முடிந்தது.

சரி, சித்தி கேட்டபடி 'எல்லாத்துக்கும்' போட்டால் என்ன ஆகும்? இதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஹைதராபாத்தின் வசீர் சுல்தான் டொபாக்கோ கம்பெனி, 'சார்மினார்' என்ற பெயரை 34-ஆம் வகுப்பில் 'பதப்படுத்திய புகையிலை' என்று பொதுவாகப் பதிந்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் பெயரில் விற்றது சிகரெட் மட்டும். விஷ்ணுதாஸ் டிரேடிங் என்ற நிறுவனம் அதே பெயரில் ஜர்தாவும் கிவாமும் விற்றது. பதிவு கேட்டது, கம்பெனி எதிர்த்தது. அப்படியானால் உங்கள் பதிவையே திருத்துங்கள் என்று விஷ்ணுதாஸ் திருப்பி அடித்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம், சிகரெட்டும் ஜர்தாவும் வேறு வேறு சரக்குகள், ஒன்றை மட்டும் செய்துகொண்டு வகுப்பு முழுவதற்கும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது என்றது. கம்பெனியின் பதிவு சிகரெட்டுக்கு மட்டும் என்று சுருங்கியது.

இன்னொன்றும் உண்டு. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' 1985-லிருந்து. 'நந்தினி டீலக்ஸ்' உணவகம் 1989-லிருந்து. உணவகம் பதிவு கேட்ட உணவுப் பொருட்கள் சில, பால் இருக்கும் அதே 29-ஆம் வகுப்பில் வந்தன. ஒரே வகுப்பு என்பதாலேயே ஒரே சரக்கு ஆகிவிடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலும் பால் பொருட்களும் மட்டும் அதன் பட்டியலிலிருந்து விலக்கு.

இரண்டு வழக்கிலும் எனக்குப் புரிந்தது இதுதான். வகுப்பு என்பது அலுவலகம் அடுக்கி வைக்கும் அலமாரி. உரிமை இருப்பது அதற்குள் நாம் எழுதும் சரக்கின் பெயரில். குறைத்து எழுதினால் பாதுகாப்பு போகும். பின்னால் பட்டியலைக் குறைக்கலாம், பொதுவாகக் கூட்ட முடியாது. அதற்காக அளவுக்கு மீறி எழுதிவிட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சரக்கைச் செய்யாமலே இருந்தால், அதனால் பாதிக்கப்படுபவர் நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணெய், பிஸ்கட் அப்புறம் பார்த்துக்கலாம்டா. பொடியும் ஊறுகாயும் எழுது" என்றார். 29-ல் 'ஊறுகாய்', 30-ல் 'மசாலாப் பொடிகள்' என்று எழுதினோம். வகுப்புக்கு 4,500 ரூபாய் வீதம் ஆன்லைனில் கட்டினோம். ஒன்பதாயிரம் என்பது சித்திக்கு எத்தனை பாக்கெட் என்று கணக்குப் போட்டால்தான் அந்த இரண்டு வரியின் கனம் தெரியும்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தொழில் செய்தால், விண்ணப்பத்தில் அந்த வரியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மீண்டும் சந்திப்போம்.