நட்சத்திரம் பார்க்கும் பாம்பு

ஒரு பாம்பு தலையை உயர்த்தி ஆகாயத்தை நோக்கியபடி அசையாமல் கிடக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாபம் தீரக் காத்திருக்கும் நாகராஜன் என்று நான் தாராளமாக எழுதிவிடுவேன். அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பவர்கள்கூட இந்தக் காட்சிக்கு 'நட்சத்திரம் பார்த்தல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர், ஆனால் அந்தப் பாம்பு எதையும் பார்க்கவில்லை. தலையைச் சரியாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. மூளையில் வியாதி.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "பாம்புக்கும் நரம்பு வியாதியா? நமக்கு வருவது போதாதா, ஸார்?" என்று சிரித்தார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர் சிரிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் மேல்நாடுகளில் மலைப்பாம்பையும், அமெரிக்கக் கண்டத்துப் போவாவையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெயர் சூட்டி, வேளை தவறாமல் எலி கொடுத்து வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுடைய கவலை உண்மையான கவலை.

1970-களில் அங்கே இந்த வியாதி தென்படத் தொடங்கியது. முதலில் பெரும்பாலும் பர்மிய மலைப்பாம்புகள், 1990-களில் போவாக்கள். அடையாளங்களை வளர்ப்பவர்களே கண்டார்கள். குறி தவறாமல் இரையைப் பிடிக்கும் பிராணி, ஒரு நாள் அரை அடி தள்ளிப் பாய்கிறது. தின்றதைக் கக்கிவிடுகிறது. தலை நடுங்குகிறது, உடம்பு திருகு சுற்றிக்கொள்கிறது. நல்ல பாம்பை மல்லாக்கப் புரட்டினால் நொடியில் திரும்பிவிடும்; இது வயிறு மேலே தெரியக் கிடக்கிறது. கடைசியில்தான் அந்த நட்சத்திரப் பார்வை.

இறந்த பாம்புகளின் ஈரலையும் மூளையையும் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்த வைத்தியர்கள், உயிரணுக்களுக்குள்ளே ரோஜா நிறத் திட்டுகளைக் கண்டார்கள். அதை வைத்தே 'இன்க்ளூஷன் பாடி டிஸீஸ்' என்று பெயரிட்டார்கள். உயிரணுவுக்குள் உறைந்த பொருளால் அறியப்படும் நோய் என்பது பொருள். ஃபிளாரிடா சர்வகலாசாலையைச் சேர்ந்த எலியட் ஜேக்கப்ஸனும் அவருடைய சகாக்களும் 1994-இல் அதை விரிவாக எழுதினார்கள். காரணம் மட்டும் அகப்படவில்லை. ஒரு வகை வைரஸின்மேல் சந்தேகம் விழுந்தது, நிரூபணமாகவில்லை. பாம்பின் செதிலுக்கடியில் ஒட்டும் உண்ணி பரப்புகிறதோ என்றும் எண்ணினார்கள். நோயுற்ற பாம்பைக் கருணைக் கொலை செய்வதுதான் வழியாக இருந்தது.

2009-இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஜோ டெரிஸி என்ற விஞ்ஞானிக்கு ஒரு கடிதம் வந்தது. 2003-இல் ஸார்ஸ் நோயின் கிருமியை அடையாளம் காண உதவியவர் அவர். கிளிகளைக் கொல்லும் ஒரு வைரஸையும் 2008-இல் அவருடைய கூடம் கண்டுபிடித்திருந்தது. கடிதம் எழுதியவர் ஒரு போவாவை வளர்த்துவந்த பெண்மணி. தம் செல்லப் பிராணிக்கு இந்த வியாதி இருக்குமோ என்பது அவர் பயம். பெரிய விஞ்ஞானி பாம்புக்காக எழுதிய கடிதத்தை ஒதுக்கியிருக்கலாம், அவர் ஒதுக்கவில்லை. அதே ஊரின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சிச்சாலையிலிருந்த பாம்புகளுக்கும் அந்த நோய் கண்டது.

2012-இல் விடை வந்தது. நோயுற்ற பாம்புகளில் அரினா வைரஸ்கள்! அதுவரை அந்தக் குடும்பம் பாலூட்டிகளில், முக்கியமாக எலி இனத்தில், மட்டுமே அறியப்பட்டிருந்தது. ஆப்பிரிக்காவின் லாஸா காய்ச்சல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாம்பு வைரஸின் மேலுறைப் புரதமோ இபோலாவின் வகையைப் போலிருந்தது. ஆனால் இது மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை.

2017-இல் வந்த சோதனை முடிவுதான் என்னை உலுக்கியது. வைரஸ் செலுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புகள், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் அந்தச் சாதுப் பிராணிகள், இரண்டு மாதத்துக்குள் நரம்பு பாதித்துத் துடித்தன. போவாக்களோ, உயிரணுவெல்லாம் திட்டுகளோடு, இரண்டு வருஷம் வரையில் வெளியே ஒன்றும் காட்டாமல் இருந்தன. தின்றன, ஊர்ந்தன.

ஆகவே, அடையாளம் அறிவது ஒரு பாதிதான். தலை அண்ணாந்திருந்தால் இந்த நோய்தான் என்று தீர்ப்பளிக்கவும் கூடாது. பெட்டியில் சூடு மிஞ்சினாலும், உண்ணிக்கு அடித்த மருந்து விஷமானாலும், வேறு வைரஸ் தாக்கினாலும் அதே கோலம் வரும். என்றைக்குத் தொடங்கிற்று, என்ன மருந்து தெளித்தோம் என்று குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மறு பாதி அதைவிடக் கடினம். ஒரு குறையும் இல்லாத போவாவையும் புதிதாக வந்தவுடன் மாதக்கணக்கில் தனியே வைத்து, ரத்தம் சோதித்த பிறகே மற்றவற்றின் அருகில் விட வேண்டும். குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அழத் தெரியாத பிராணிக்கு, தினமும் பார்க்கிற ஒருவருடைய கண்தான் குரல். கண்ணுக்கும் எட்டாததை, யாரோ ஒருவர் கூச்சப்படாமல் எழுதிய கடிதம் எட்டவைத்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டி எனக்கு வேண்டாம். ஆனால் இனிமேல் ஆகாயம் பார்க்கும் பாம்பை வைத்துக் கதை எழுத என் பேனா துணியாது.