மௌனம் பயின்ற ஆசிரியர்கள்

தமிழ்நாட்டுச் சிவாலயங்களை வலம்வரும் எவரும் தெற்குச் சுவரின் மாடத்தில் தட்சிணாமூர்த்தியைக் கண்டிருப்பர். கல்லால மரத்தின்கீழ் அமர்ந்து, வாய் திறவாமலே முனிவர்க்கு உபதேசித்த ஆசான் அவர். அத்திருப்பெயர் பூண்ட கல்விச்சாலை ஒன்று குஜராத்தின் பாவநகரில் 1910-இல் தோன்றியது. நம் நாட்டில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கெனத் தனியே ஆசிரியரை ஆயத்தம் செய்த வரலாற்றில் முக்கியமானதோர் அத்தியாயம் அங்கேதான் எழுதப்பட்டது.

அச்சாலையில் 1916-இல் வந்து சேர்ந்தவர் கிஜுபாய் பதேகா. அவர் தொழிலால் வழக்கறிஞர். தம் மகனுக்கு எத்தகைய கல்வி அளிப்பது என்று சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகள் அவர் கைக்கு எட்டின. நீதிமன்றத்தை விட்டார், குழந்தைகளிடம் வந்தார். 1920-இல் அங்கே ஒரு பாலமந்திர் தொடங்கினார். பிரம்பும் மிரட்டலும் அங்கே இடம் பெறவில்லை. கதையும் ஆட்டமும் பாட்டும் இடம் பெற்றன. அவரைக் குழந்தைகள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தனராம். ஓர் ஆசிரியர்க்கு இதனினும் உயர்ந்த பட்டம் உண்டோ?

ஆயினும் ஒரு பாலமந்திரால் நாடு திருந்திவிடாது. பெரிய வகுப்பை அடக்கியாளப் பழகிய ஆசிரியரிடம் மூன்று வயதுக் குழந்தையை ஒப்படைத்தால் பயன் என்ன? ஆதலின் 1925-இல் ஆசிரியர்க்கான அத்யாபன் மந்திர் எழுந்தது. அங்குப் பயில வந்தோர் முதலில் பழக வேண்டியிருந்தது பேசுவதை அன்று, பார்ப்பதை. குழந்தை எதை எடுக்கிறது, எங்கே தயங்குகிறது, எப்போது தானே மீண்டும் முயல்கிறது என்பதைக் குறுக்கிடாமல் கவனிப்பதே மாண்டிசோரி முறையின் உயிர்நாடி. தட்சிணாமூர்த்தியின் பெயர் அவ்விடத்துக்கு எத்துணைப் பொருத்தம்!

இப்பணியில் கிஜுபாய்க்குத் துணை நின்றவர் தாராபாய் மோடக். ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பதவியை விடுத்து வந்தவர் அவ்வம்மையார். 1926-இல் நூதன் பால சிக்ஷண சங்கம் தோன்றியது. பின்னர் அவர் பம்பாய்க்குச் சென்று தாதரில் குழந்தைப் பள்ளி நடத்தினார். இதனிடையே 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார்.

ஆனால் தாராபாயின் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டேயிருந்தது. நேர்த்தியாக இழைத்த மரக்கருவிகளை ஏழைக் கிராமம் வாங்குவது எங்ஙனம்? 1945-இல் அவர் அக்கால தாணா மாவட்டத்துக் கடற்கரைக் கிராமமாகிய போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் என்னும் இளம் ஆசிரியை உடன் சேர்ந்தார். அழைத்தும் குழந்தைகள் வரவில்லை. சிலர் தம்பி தங்கையரைக் காத்தனர். சிலர் மாடு மேய்த்தனர். குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்று இருவரும் துணிந்தனர். குடிசை முற்றமே வகுப்பறை ஆயிற்று. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் விதையும் இலையும் கல்விக் கருவிகள் ஆயின. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறி, வார்லி பழங்குடியினரிடையே வளர்ந்தது.

மைய அரசின் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் 'அங்கன்வாடி' என்ற சொல்லைக் கோப்புகளில் எத்தனையோ முறை நான் எழுதியிருக்கிறேன். மராட்டியில் 'அங்கண்' என்றால் முற்றம்; 'வாடி' என்றால் தோட்டம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் அச்சொல்லை நாடெங்கும் கொண்டுசென்றது. அந்த முற்றத்தின் கதையை அறிந்தபின், அச்சொல்லை வெறும் அலுவலகப் பெயராக எழுத எனக்குக் கை வருவதில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், குறைந்த படிப்புடையோர்க்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் வகுத்துரைத்தது. தொலைக்காட்சி, கைப்பேசி வழியாகவும் பாடம் நடத்தலாம் என்றது. மாதம் ஒருமுறையேனும் நேர்முக வகுப்பு வேண்டும் என்றும் சொன்னது. லட்சக்கணக்கானோரை எட்ட வேறு வழி எளிதன்று. எனினும் பாவநகரம் நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது: குழந்தையைப் பற்றிய பாடத்தைத் தொலைவிலிருந்து கேட்கலாம், குழந்தையைக் கவனிக்கும் பழக்கம் குழந்தையின் அருகில்தான் வரும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. வீட்டில் தமிழ் பேசிய குழந்தை, மராட்டியோ இந்தியோ வங்காளமோ ஒலிக்கும் வகுப்பில் முதல்நாள் வாயடைத்து அமர்கிறது. பார்க்கப் பயின்ற ஆசிரியை அந்த மௌனத்தை மந்தம் என்று எழுதிவிட மாட்டார். ஒரு கிளிஞ்சலை அருகில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நம் குழந்தையைச் சேர்க்கும் நாளில், பள்ளியின் கட்டடத்தைப் பார்ப்பதோடு, அந்த ஆசிரியை குழந்தைகளைப் பார்க்கும் பார்வையையும் சற்றே கவனித்து வருவோமாக.