உச்சிக் கிளையும் ஒரு முடிச்சும்

இருபது மீட்டர் உயரமுள்ள மரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் தவறி விழுந்தால், தரையை அடைய எத்தனை நேரமாகும்? பள்ளியில் படித்த சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 2 வினாடி. தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். ஓடும் பேருந்து சுவரில் மோதுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆயினும் மனிதன் மரம் ஏறுவதை என்றும் நிறுத்தியதில்லை. காய் பறிக்க, கள் இறக்க, தழை வெட்ட, வீட்டின் மேல் சாய்ந்த கிளையை அகற்ற யாராவது ஒருவர் மேலே போய்த்தான் ஆகவேண்டும். அப்படிப் போகிறவர் பத்திரமாகத் திரும்புவதற்கான அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். அந்த அறிவில் பெரும்பகுதி உராய்வைப் பற்றியது என்பதால், இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது சொந்த வீட்டுக் கதை.

இங்கிலாந்தில் 1846-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் டேவி என்பவர் ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் வாழ்ந்தார். மரத்துக்கும் நோய் உண்டு, காயம் உண்டு, வைத்தியமும் உண்டு என்பது அவர் கொள்கை. 'மர வைத்தியர்' என்னும் நூலை 1901-இல் வெளியிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குக் கோடரியைவிடக் கயிறே முக்கியமான கருவியாயிற்று. காரணம் எளிது. வெட்டி வீழ்த்துபவன் மரத்தின் அடியில் நின்றால் போதும்; வைத்தியம் செய்பவன் கிளைக்குக் கிளை போக வேண்டும். பின்னர் தம் பணியாளர்களுக்கென ஒரு பயிற்சிக் கூடத்தையும் டேவி தொடங்கினார். மரமேறும் தொழில் பாடமாகக் கற்பிக்கப்பட்டதன் ஆரம்பங்களில் இது ஒன்று.

அந்த மர வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட முறையைக் கவனியுங்கள். உறுதியான கிளை ஒன்றின் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டிய கச்சையோடு இணைப்பார்கள். அந்த முனையில் மிச்சமிருக்கும் வாலைக் கொண்டு, கிளையின் மறுபுறம் தொங்கும் கயிற்றின் மீது சில சுற்றுகள் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஆள் இப்போது ஒரு கயிற்று வளையத்தில் உட்கார்ந்திருக்கிறார். முடிச்சை மேலே தள்ளினால் வளையம் சிறுக்கும், அவர் உயர்வார். முடிச்சைக் கையால் மெல்லக் கீழே அழுத்தினால் இறங்குவார். கையை எடுத்துவிட்டால் அந்தரத்தில் அப்படியே நிற்பார்! இருபுறக் கயிறும் எடையைப் பகிர்ந்துகொள்வதால், முடிச்சின் மேல் வருவது ஏறக்குறைய பாதி எடைதான்.

எடை ஏறினால் இறுகி, எடை குறைந்தால் நகரும் இந்த முடிச்சின் இரகசியம் என்ன?

முரட்டுக் காளையைப் பிடிப்பவர் கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு அலட்டிக்கொள்ளாமல் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன் விரித்துரைத்தார். உராய்வுக் குணகம் 0.25 என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு முனையில் நாம் தரும் விசையைப்போல் 4.8 மடங்கு விசையை மறுமுனையில் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு 9.6 மடங்கு என்று அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். 4.8-ஐ 4.8-ஆல் பெருக்க வேண்டும், விடை 23. மூன்று சுற்றுக்கு 111. இழுவிசை கூட்டல் கணக்கில் அல்லாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

இந்த உண்மையை மலையேறிகளும் தம் வழியில் கண்டார்கள். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக், மெல்லிய கயிற்றுக் கண்ணியைப் பருத்த கயிற்றின் மேல் சுற்றும் முடிச்சு ஒன்றை 1931-இல் வெளியிட்டார். அவர் மலையேறி மட்டுமல்லர், இசை ஆய்வாளரும்கூட. நரம்புகளோடு பழகிய விரல்கள்தாம் இந்த முடிச்சைக் கண்டன என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. புருசிக் முடிச்சில் கண்ணியை இழுக்கும் எடையே சுற்றுகளை உள்கயிற்றின் மேல் அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். ஆகவே எவ்வளவு எடையோ அவ்வளவு பிடி. இன்று மரமேறிகள் பலர் கற்கும் மற்றொரு முடிச்சை ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்னும் ஆஸ்திரியர் 1981-இல் எழுதியிருந்தார். அமெரிக்க மரமேறிகளுக்கு அது 1994-இல் ஜேசன் பிளேக் வாயிலாகத்தான் அறிமுகமாயிற்று. பிளேக்கின் பெயரே நிலைத்தும் விட்டது. இடையில் 13 ஆண்டுகள்! மலைக்கும் மரத்துக்கும் இடையே அறிவு எத்தனை மெதுவாக நடந்திருக்கிறது, பாருங்கள்.

முடிச்சு பிடித்தாலும் கயிறு அறுந்தால் என்ன பயன்? 1865 ஜூலை 14-ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய குழுவினர் இறங்கும்போது, கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்தது, அவர்கள் கொண்டுபோன கயிறுகளிலேயே மிக நலிந்த ஒன்று. சணலும் மணிலா நாரும்தான் அக்காலக் கயிறுகள். ஈரம் பட்டால் உள்ளே மக்கும், வெளியே தெரியாது. அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் நைலானை உருவாக்கினர். இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பிலிப்பைன்ஸ் ஜப்பானியர் வசமானதும் மணிலா நார் வருவது நின்றது. நைலான் கயிறு அந்த இடத்தைப் பிடித்தது.

நைலானின் சிறப்பு வலிமை மட்டுமன்று, அது நீளும். 70 கிலோ எடையுள்ளவர் 2 மீட்டர் விழுந்தபின் 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால், அவர் உடல் தாங்கவேண்டிய சராசரி விசை அவர் எடையைப்போல் 41 மடங்கு. முதுகெலும்பு பிழைக்காது. 80 சென்டிமீட்டரில் நிறுத்தினால் மூன்றரை மடங்குதான். மலையேறியின் கயிறு இதற்காகவே நீளும்படி செய்யப்படுகிறது. மரத்தில் வேலை செய்பவருக்கோ அவ்வளவு நீளும் கயிறு உதவாது. ஊஞ்சலாடிக்கொண்டு கிளை அறுக்க முடியுமா? ஆகவே அவருடைய கயிறு குறைவாகவே நீளும். அதற்கு விலையாக, கயிறு தொய்வதற்கு அவர் ஒருபோதும் இடம் தரக்கூடாது. விழுந்தபின் தாங்குவது மலையேறியின் முறை. விழவே விடாதிருப்பது மரமேறியின் முறை. பயிற்சியில் ஆசிரியர்கள் ஓயாமல் வற்புறுத்துவது இதைத்தான்.

இனி ரம்பத்துக்கு வருவோம். ஜெர்மனியின் ஆந்திரியாஸ் ஷ்டீல் 1926-இல் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பம் 64 கிலோ. 1929-இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. இரண்டு ஆள் தூக்கவேண்டிய பண்டம். அமெரிக்காவின் ஜோ காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி 1946-இல் ஒரு கட்டையில் வண்டின் புழு இடமும் வலமுமாக மரத்தைக் குடைவதைக் கவனித்து, அதன் தாடைகளைப் போன்ற பற்களைச் சங்கிலிக்கு அமைத்தார். இன்றுள்ள சங்கிலிகளுக்கு அந்தப் புழுதான் குரு! 1959-இல் ஷ்டீல் ரம்பத்தின் எடை 12 கிலோவுக்கு இறங்கிவிட்டது. ரம்பம் மரத்தின் மேல் ஏறத் தொடங்கியது.

ஆனால் ஆபத்தைத் தடுக்கும் பாகங்கள் அதே வேகத்தில் வரவில்லை. பட்டையின் மூக்கு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், வேகமாக ஓடும் சங்கிலி தடைப்பட்டு, அதன் உந்தம் முழுவதும் ரம்பத்தைப் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கிச் சுழற்றும். இந்தப் பின்னுதைப்பு, கண் கண்டு கை அசைவதற்குள் முடிந்துவிடும். முன்கைக் கவசம் தட்டுப்பட்டதும் சங்கிலியை நிறுத்தும் தடை 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதிர்வால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயைக் குறைக்கும் ரப்பர்த் தாங்கிகள் 1960-களின் நடுவில் வந்தன. எந்திரத்தை விற்பதில் காட்டிய அவசரத்தை இவற்றில் காட்டவில்லை என்பது என் கருத்து.

உயரத்தில் ரம்பத்தால் இன்னொரு தொல்லை. உயிரைத் தாங்குவது எதுவோ, அதே கயிற்றை அது நொடியில் அறுக்கும். அதனால் அறுக்கும் வேளையில் தலைக்கு மேலுள்ள கயிற்றோடு, தண்டைச் சுற்றி இரண்டாவதாக ஒரு குட்டைக் கயிறும் இருக்கவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். சிலவற்றில் உள்ளே எஃகுக் கம்பி இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு மேலே ஒருவர் காயம்பட்டு மயங்கித் தொங்கினால்? அவர்தான் விழவில்லையே, தீயணைப்புப் படை வரட்டும் என்று காத்திருக்கலாகாது. அசைவில்லாமல் கச்சையில் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கும். மூளைக்குப் போவது குறையும். கயிற்றில் தொங்கியே இறந்தவர்களைப் பற்றி மலைமீட்பு மருத்துவர்கள் 1972-இல் இன்ஸ்புரூக் நகரில் கூடி விவாதித்தார்கள். ஆகவேதான் பிரிட்டனில் மரமேறும் வேலைக்குக் குறைந்தது இருவர் வேண்டும். கீழே இருப்பவருக்கு மேலே ஏறி மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். மீட்புக்கான கயிறும் கச்சையும் தனியே தயாராக இருக்கவேண்டும். பயிற்சியில் ஆள் எடையுள்ள பொம்மையைத் தொங்கவிட்டுப் பலமுறை இறக்கிப் பழகுகிறார்கள். இங்கேதான் நம் முடிச்சு எதிரியாகிறது. ஓராள் எடையில் இலேசாக வழுக்கிய முடிச்சு, ஈராள் எடையில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். அதை முன்கூட்டியே அறிந்து, எந்த எடையை எந்தக் கயிற்றில் விடுவது என்று தீர்மானிப்பதே மீட்பவரின் திறமை.

நம் பக்கத்திலும் இந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. தென்னை ஏற ஆள் கிடைக்காத நிலையில், தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைக் கேரளத்தில் தொடங்கியது. இளைஞர்கள், பெண்கள் உட்படப் பலர் கருவியின் துணையோடு ஏறக் கற்றனர். செம்பேரி என்ற ஊர்ப் பெயரால் வழங்கும் அந்தக் கருவியில் தண்டைச் சுற்றி இரண்டு கம்பி வடக் கண்ணிகள் உண்டு. காலை ஊன்றினால் கண்ணி இறுகும். காலைத் தூக்கினால் தளர்ந்து மேலே நகரும். புருசிக் முடிச்சு எஃகில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எடை தாங்கும் கண்ணி நகராது என்பது இதற்கும் பொருந்தும். ஏறியவர் பாதி உயரத்தில் மயங்கினால், அவர் எடையை முதலில் வேறொரு கயிற்றுக்கு மாற்றிய பிறகே அவரை இறக்க முடியும்.